பேச்சு நிற்காத வேகம்: உடற்பயிற்சி பிடிக்காதவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"உடற்பயிற்சி எனக்கு ஒத்துவராது" என்பவர்களிடம், கடைசியாக என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஜிம்மில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பத்தாம் நாள் நின்றிருப்பார்கள். இல்லாவிட்டால், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடி, மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்திருப்பார்கள். சோம்பேறித்தனம் என்று அவர்களே தங்களைத் திட்டிக்கொள்வார்கள். உண்மையில் பிழை பெரும்பாலும் வேகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆகவே அதிலிருந்தே தொடங்கி, நம் குமரி மாவட்டத்தில் யாருக்கு எந்தப் பயிற்சி பொருந்தும் என்று பிறகு பார்ப்போம்.

உடம்பு ஏன் வெறுக்கிறது?

மெல்ல நடக்கும்போது தசைகளுக்கு வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதும் ஆக்சிஜனைக் கொண்டே கிடைத்துவிடும். வேகம் கூடக்கூட ஓர் எல்லை வரும். அதைத் தாண்டினால், தசைகள் கடுமையாக உழைக்கும்போது உருவாகும் லாக்டேட் உள்ளிட்ட பொருள்கள் ரத்தத்தில் வேகமாகச் சேரும், மூச்சு திடீரென்று வாங்கும், கால் கனக்கும். எல்லைக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலானவர்களுக்கு உடலசைவு இதமாகவே இருக்கும். எல்லைக்கு மேலே போனால், விளையாட்டு வீரர்கள் உட்பட, ஏறக்குறைய எல்லாருக்குமே அது துன்பம்தான்.

பழக்கமில்லாதவர்களுக்கு இந்த எல்லை மிகக் கீழே இருக்கும். உங்கள் நண்பருக்கு உலாத்துவது போன்ற நடை, உங்களுக்கு எல்லையைத் தாண்டிய நடையாக இருக்கலாம். அவரோடு சேர்ந்து நடந்துவிட்டு "எனக்கு நடையே பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டுவது அந்த நடைக்குச் செய்யும் அநியாயம்.

எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். பாடவும் முடிந்தால் வேகம் போதாது. மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் மிகுதி. எண்ணிக்கையாக வேண்டுமென்றால், 15 விநாடியில் 25 எட்டு, அதாவது நிமிடத்துக்கு 100 எட்டு, பலருக்கும் மிதமான நடைக்கு அருகில் வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சுச் சோதனையை நம்புங்கள்.

எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு தேவை. கடுமையானது என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைக் கடந்தவர்கள் தடுமாறி விழாமல் இருக்க, சமநிலைப் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள். இப்போதைய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனை கிடையாது. பேருந்துக்கு நடக்கும் ஏழு நிமிடமும், அலுவலக மாடி ஏறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். தொடங்குபவர்கள் 150 என்ற எண்ணைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடம், ஐந்து நாள். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு நாளுக்கும் 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் 30 நிமிடத்தைத் தொட்டுவிடலாம். ஒரு வாரம் களைப்பாக இருந்தால் அந்த வாரம் கூட்டாமல் அப்படியே இருங்கள்.

எடை குறைப்பை மட்டும் நோக்கமாக வைத்துத் தொடங்கினால் சலிப்பு சீக்கிரம் வரும். 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரிதான். டீக்கடையில் ஒரு பழம்பொரி சாப்பிட்டால் அது ஈடாகிவிடும். தூக்கம், மனத்தெளிவு, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை இவற்றில் வரும் மாற்றம் எடையைவிட முன்னதாகத் தெரியும். அதைக் கவனியுங்கள்.

உங்களுக்கு எது?

"எந்தப் பயிற்சி நல்லது" என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை வேறு: ஆள்கூட்டம் இருந்தால் உற்சாகமா, தனிமையா? ஒரு வித்தையைக் கற்றுத் தேறுவதில் ஆசை உண்டா? போய்ச் சேர ஓர் இடம் இருந்தால்தான் கால் நகருமா? கையில் ஒரு வேலை இருந்தால் நேரம் போவது தெரியாதா? இதற்கான விடைகளைப் பொறுத்து, குமரி மாவட்டத்துக்குள்ளேயே வழிகள் ஏராளம்.

போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மாவட்டம் ஒரு கொடை. புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் மரநிழலில் நடக்கலாம். குளச்சல் போரில் தோற்று, பின் திருவிதாங்கூரின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது; அதுவரை போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டால் நடைக்கு ஓர் இலக்கு கிடைத்துவிடும். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்து, படிகளில் பறளியாற்றுக்கு இறங்கி, மறுபடி ஏறுவது இன்னொன்று. பாலம் ஆற்றிலிருந்து 115 அடி உயரம். படியேற்றம் மிதமான எல்லையை எளிதில் தாண்டும் என்பதால் முதல்முறை இருபது படிக்கு ஒருமுறை நில்லுங்கள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது. மறுநாள் வலி வருவது பெரும்பாலும் ஏறியதால் அல்ல, இறங்கியதால். பொற்றையடி அருகே மருந்துவாழ்மலைக்கும் இது பொருந்தும். அங்கே படிகள் முடிந்தபின் பாறையும் வரும். பிடிப்புள்ள ஷூ வேண்டும், மழை நாளில் ஏறக் கூடாது. முதல் மாதத்திலேயே அதற்குப் போக வேண்டியதில்லை.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குச் சுசீந்திரம், தேரூர் குளக்கரைகளைச் சொல்வேன். இந்த நீர்நிலைகள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஐப்பசியிலிருந்து மாசி வரை வலசைப் பறவைகள் வரும். ஒரு சின்ன நோட்டில் கூழைக்கடா எத்தனை, நீர்க்காகம் எத்தனை என்று குறித்துக்கொண்டு நடந்தால் 40 நிமிடம் போவதே தெரியாது. இதில் ஒரு குறை உண்டு. பறவை பார்ப்பவர் நின்று நின்றுதான் நடப்பார், உழைப்பு மிதமான அளவை எட்டாது. போகும்போது பறவை, திரும்பும்போது வேகநடை என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

கடற்கரை நடை தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் அது. சொத்தவிளை, சங்குத்துறை போன்ற இடங்களில் ஆசையாக இறங்கி, உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய நடப்பார்கள். அப்படி நடக்கச் செலவாகும் ஆற்றல், உறுதியான தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பழக்கமில்லாதவர் ஐந்தாவது நிமிடமே எல்லையைத் தாண்டிவிடுவார். அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், நடை அங்கேதான். கடலை நோக்கிய சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் விழுவதால் இடுப்பும் முழங்காலும் ஒருபக்கம் வலிக்கும். வந்த வழியே திரும்பினால் சரிவு மறுகாலுக்கு மாறும், வலி சமன்படும். வெறுங்காலோடு நடக்க ஆசையென்றால் முதல் வாரம் 10 நிமிடம் மட்டும். ஷூவுக்குள்ளேயே இருந்து பழகிய குதிகாலும் கெண்டைக்காலும் மெல்லத்தான் பழகும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கிளிஞ்சல் கீறியதுகூடத் தெரியாது.

அலையில் இறங்குவது வேறு விஷயம். கள்ளக்கடல் என்று கரைக்காரர்கள் சொல்வது, உள்ளூரில் காற்றே இல்லாதபோது தொலைதூரப் பெருங்கடலிலிருந்து வரும் அலைப்பெருக்கு. 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். எச்சரிக்கை அறிவித்த நாளில் ஈர மணலுக்கும் போகாதீர்கள். அன்று ரோட்டோரம் நடந்தால் போதும்.

சைக்கிள் பிடித்தவர்களுக்குக் காற்றுதான் ஆசிரியர். ஆனி முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்குக் காற்று அடித்துத் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். அந்த மாதங்களில் காற்றோடு கிழக்கே சுகமாகப் போய்விட்டு, திரும்பும்போது எதிர்காற்றில் தவிப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. மாற்றிச் செய்யுங்கள்: எதிர்காற்றில் புறப்பட்டு, காற்றோடு வீடு திரும்புங்கள். தோவாளை, பூதப்பாண்டி, தேரூர் பக்கம் வயல் நடுவே சமமான பாதைகள் உண்டு. தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ஏற்ற இறக்கம் அதிகம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் மீது வைத்துக் கீழே தள்ளினால் கால் நேராக வேண்டும். அதைவிடச் சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் முன்புறம் வலிக்கும். பெடலைக் கனமாக அழுத்தாமல், இலகுவான கியரில் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று சுற்றுங்கள்.

ஆட்கள் இருந்தால்தான் கை கால் வரும் என்பவர்களுக்கு விளையாட்டே வழி. ஷட்டில் ஆட இறகுப் பந்தைத் திறந்தவெளியில் எடுத்தால் இங்குள்ள காற்று அதை நிற்க விடாது; பந்து பொறுக்குவதிலேயே பாதி நேரம் போகும். நைலான் ஷட்டில் கொஞ்சம் தாங்கும். இதைவிட நல்லது நம் தமிழ்நாட்டுக்கே பழக்கமான பூப்பந்து. கம்பளிப் பந்து 27, 28 கிராம் இருப்பதால் காற்றுக்கு அவ்வளவாக அசையாது, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவதால் புதியவருக்கு மூச்சு வாங்க இடைவெளி கிடைக்கும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் நேராகக் களத்தில் இறங்கிப் பாய்ந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் பின்தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. ஐந்து நிமிடம் நடந்து, குதிகாலை 15 முறை உயர்த்தி இறக்கிவிட்டு ஆடுங்கள்.

கற்றுத் தேறும் ஆசை உள்ளவர்களுக்குச் சிலம்பமும், அடிமுறை என்னும் தற்காப்புக் கலையும். குமரி மாவட்டத்தில் அடிமுறை ஆசான்கள் இன்றும் கற்பிக்கிறார்கள். ஒற்றைச்சுவடு எனப்படும் தொடக்க அசைவுகளில் கவனம் முழுவதும் கால் வைப்பிலேயே இருப்பதால் களைப்பை மனம் எண்ணுவதில்லை. சிலம்பத்துக்குத் தொடக்கத்தில் உங்கள் நெற்றி உயரம் வரை வரும் இலகுவான பிரம்போ மூங்கிலோ போதும். கனமான கம்பை எடுத்தால் முதலில் மணிக்கட்டு வீங்கும், அடுத்துத் தோள்பட்டை. முதல் மாதம் இரு கைகளிலும் சமமாகச் சுழற்றுங்கள். பழகிய கையில் மட்டும் சுழற்றுபவர்களுக்கு ஒருபக்கத் தோள் இறுகிவிடும். தாளம் பிடித்தவர்களுக்குக் களியல். விளக்கைச் சுற்றி வட்டமாக நின்று கம்போடு கம்பு தட்டி ஆடும்போது, ஆசான் தாளத்தை மெதுவாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவார். உடம்பைச் சூடாக்கும் முன்தயாரிப்பு அந்த ஆட்டத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு ஒத்திகை நடக்கும் வாரங்களில் போய்ச் சேர்ந்துகொள்வதே இதற்கு நல்ல வழி.

வேலை இருந்தால்தான் மனம் நிற்கும் என்பவர்கள் விளையில், அதாவது தோட்டத்தில், இறங்கலாம். மண்வெட்டியால் வாழைக்குத் தடம் கொத்துவது மிதமான எல்லையை எட்டும், சில நேரம் தாண்டும். கிணற்றில் வெள்ளம் கோருவது, அதாவது தண்ணீர் இறைப்பது, முதுகுக்கும் தோளுக்கும் தேர்ந்த பயிற்சி. ஆனால் இடுப்பை வளைத்து இழுக்காமல், காலை அகட்டி ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி இழுக்க வேண்டும். மோட்டார் வந்தபின் இந்த உழைப்பை இழந்தோம் என்று வருத்தப்பட வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் செடிகளுக்கு மட்டுமாவது வாளியைக் கையில் எடுங்கள்.

சிவாலய ஓட்டம் கற்றுத்தருவது

மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை அருகே திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை, பன்னிரண்டு சிவாலயங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் போகிறார்களே, அவர்களில் பலர் ஆண்டு முழுவதும் பயிற்சி என்று எதையும் செய்யாதவர்கள். ஜிம்மில் 20 நிமிடம் தாங்காதவர் அந்த இரவு முழுக்க எப்படிப் போகிறார்? துணை இருக்கிறது. அடுத்த கோவில் என்ற பக்கத்து இலக்கு இருக்கிறது. வழிநெடுகக் குடிக்கக் கொடுக்க ஆள் இருக்கிறது. வேண்டுதல் என்று தனக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் எந்தப் பயிற்சியும் நிற்கும்.

அந்த ஓட்டத்தில் பேச்சுச் சோதனையும் இருக்கிறது. "கோவிந்தா, கோபாலா" என்று வாய்விட்டுக் கூவியபடி போக வேண்டும். கூவ முடியாத வேகத்தில் ஓடுபவர் ஐந்தாம் கோவிலான பொன்மனை வருமுன் உட்கார்ந்துவிடுவார். கூவிக்கொண்டே போகிறவர் முடித்துவிடுவார். அடுத்த சிவராத்திரிக்குப் போக விரும்புகிறவர்கள் மூன்று மாதம் முன்பே தொடங்கி, வார இறுதியில் ஒரு நீண்ட நடையை 5 கிலோமீட்டரிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். தொடை உரசும் இடத்தில் தேங்காயெண்ணெய் தடவுவதையும், பாதத்தில் சூடு தெரிந்தவுடன் கொப்புளம் வருமுன் பிளாஸ்டர் ஒட்டுவதையும் நீண்ட நடைகளிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மழைக்காலம்

இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால், வெளியே நடப்பதை மட்டும் நம்பியவரின் பழக்கம் ஆண்டுக்கு இருமுறை அறுந்துபோகும். மழை தொடங்குமுன்பே வீட்டுக்குள் செய்ய ஒன்றைப் பழகி வையுங்கள். இஷ்டப்பட்ட பாட்டுக்கு ஆடுவது போதும். நிமிடத்துக்கு 120 தாளத்துக்கு மேல் உள்ள துள்ளல் பாட்டுகள் மூன்று, நான்கு சேர்ந்தால் 15 நிமிடம். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று பலர் ஸ்கிப்பிங் கயிறு வாங்குவார்கள். அது மிகக் கடுமையான பயிற்சி, தொடங்குபவரை ஒரே நிமிடத்தில் எல்லைக்கு மேல் தூக்கிவிடும். முதல் இரண்டு மாதம் கயிற்றை ஆணியில் மாட்டி வையுங்கள்.

வலுவூட்டும் பயிற்சிக்கும் மழைநாள் ஏற்றது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்துவது: ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். தேநீர் கொதிக்கும் நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

நின்றுபோவது ஏன்?

கடைசி நிமிடங்களை முழுமூச்சாக முடிப்பது பெரிய தவறு. ஓர் அனுபவத்தின் முடிவு எப்படி இருந்தது என்பது, அது முழுவதையும் மனம் நினைவில் வைக்கும் விதத்தைப் பெரிதும் பாதிக்கிறது. முதலில் ஐந்து நிமிடம் மெல்ல, அதன்பின் சிரமமான பகுதி, பிறகு படிப்படியாகத் தணித்து, இன்னும் கொஞ்சம் போகலாமே என்று தோன்றும்போது நிறுத்துங்கள். மறுநாள் கால் தானாகப் புறப்படும்.

அடுத்தது வலியைத் தவறாகப் புரிந்துகொள்வது. புதிய அசைவுக்குப் பின் தசை முழுவதும் மந்தமாக வலிப்பது ஒன்று முதல் மூன்று நாளில் உச்சம் தொட்டுத் தணியும். மெல்ல நடந்தால் குறையும். மூட்டில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, வீக்கம், நடக்க நடக்கக் கூடும் வலி இவை வேறு. அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே மருத்துவமனை. இதயநோய் உள்ளவர்களும், இன்சுலின் போன்று சர்க்கரையைத் தாழ்த்தும் மருந்து எடுப்பவர்களும் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்; அந்த மருந்து எடுப்பவர்கள் இனிப்பு ஏதாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக எல்லாருக்கும், சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் மெல்ல நடப்பது சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும்.

பிடிக்காத பயிற்சிக்குப் பிடித்த ஒன்றைத் துணையாகக் கட்டிவிடலாம். விரும்பிக் கேட்கும் தொடர்கதையையோ பேச்சையோ நடக்கும்போது மட்டும் கேட்பது என்று விதி வைத்தால், அடுத்த பகுதிக்காகவே கால் வாசலுக்குப் போகும். ரோட்டில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் கேட்க வேண்டும்.

காய்ச்சல், கல்யாணம், பரீட்சை என்று இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட அளவிலிருந்து தொடங்காதீர்கள். 30 நிமிடம் நடந்தவர் 15-இல் தொடங்கி, பேச்சுச் சோதனையை மீண்டும் பார்த்து, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வரலாம். காய்ச்சலுக்குப் பிறகு என்றால் காய்ச்சல் முழுவதும் விட்டு, உடல் அசதியும் தீர்ந்த பின்பு முதல் நாள் பத்தே நிமிடம், சமதரையில்.